மணிக்கட்டில் மாவுக்கட்டு... கை எதைச் செய்யும், எதைச் செய்யாது? பட்டாசு, தீப்பெட்டித் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

‘விரலெல்லாம் வெளியேதானே இருக்கு, அப்புறம் வேலை பார்க்க என்ன?’ மணிக்கட்டில் கட்டு போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருபவர்கள் முதல் நாள் கேட்கும் கேள்வி இது. இரண்டாவது நாள் சாப்பிட உட்காரும்போதே பதில் கிடைத்துவிடும்.

விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் பல வீடுகளில் அடுப்பு எரிவதே கைவேலையை நம்பித்தான். பட்டாசு, தீப்பெட்டி, காலண்டர் என எதை எடுத்தாலும் மெஷினுக்கு அடுத்தபடியாக, பல இடங்களில் மெஷினுக்கு முன்பே, மனிதக் கைதான். அந்தக் கை ஆறு வாரம் கட்டுக்குள் போனால் என்ன நடக்கும்? எந்த வேலை முடியும், எது ஆபத்து, கூலி போனால் பணத்துக்கு என்ன வழி? விரிவாகப் பார்க்கலாம்.

மாவுக்கட்டு என்றால் என்ன?

‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தவருக்கு மாவுக்கட்டு’ என்ற செய்தியைப் படித்துப் படித்தே இந்தச் சொல் நம்மில் பலருக்குப் பழகிப்போச்சு. கிண்டலை விட்டுவிடுவோம். உண்மையிலேயே வழுக்கி விழுபவர்களுக்கு அதிகம் உடைகிற எலும்புகளில் ஒன்று மணிக்கட்டு எலும்புதான். விழும்போது யாராக இருந்தாலும் கையைத்தான் முதலில் ஊன்றுவோம். மொத்த உடம்பின் எடையும் அந்த உள்ளங்கை வழியாக முன்கை எலும்புக்கு ஏறும். கட்டைவிரல் பக்கம் இருக்கும் ரேடியஸ் எலும்பு, மணிக்கட்டுக்குச் சற்று மேலே முறியும். 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு எலும்பு வலு குறைந்திருப்பதால், நின்ற இடத்தில் விழுந்தாலே இது நடக்கும்.

டப்ளினைச் சேர்ந்த அறுவை மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் இந்த முறிவைப் பற்றி 1814-ம் ஆண்டே எழுதிவிட்டார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-ல். எக்ஸ்ரே வருவதற்கு 81 வருஷம் முன்பே கையால் தொட்டுப் பார்த்துச் சொன்னது என்பதால் இன்றும் அவர் பெயரிலேயே ‘காலிஸ் முறிவு’ என்கிறார்கள்.

எலும்பு நகராமல் ஒட்ட வேண்டும் என்பதற்காகத்தான் கட்டு. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தடவிய துணிச்சுருளைத் தண்ணீரில் நனைத்துச் சுற்றுவார்கள். சில நிமிஷங்களில் இறுகும், அப்போது கை சூடாவது இயல்புதான். முழுசாகக் காய இரண்டு நாள் வரை ஆகும். அதுவரை அதன் மேல் சாய்ந்து படுத்தாலோ, ஓரமாக அழுத்தினாலோ உள்ளே குழி விழுந்து தோலை உறுத்தும். ஃபைபர் கிளாஸ் கட்டு எடை குறைவு, சீக்கிரம் காயும், விலை அதிகம்.

முழங்கைக்குக் கீழே தொடங்கி உள்ளங்கையின் நடு ரேகை வரை வருவதுதான் வழக்கமான மணிக்கட்டுக் கட்டு. விரல்கள் வெளியே இருக்கும். பெரும்பாலும் ஆறு வாரம். ஆனால் கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் ஸ்கேபாய்டு என்ற சின்ன எலும்பு முறிந்தால் கதையே வேறு. அதற்கு ரத்த ஓட்டம் குறைவு, ஒட்டுவதற்கு 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம். சிலருக்குக் கட்டைவிரலையும் சேர்த்தே கட்டுவார்கள்.

விரல் வெளியே இருந்தும் பிடி ஏன் இல்லை?

இதைப் படிக்கும்போதே ஒரு சின்ன சோதனை. போனை ஒரு கையில் வைத்துக்கொள்ளுங்கள். மறு கையின் மணிக்கட்டை முடிந்தவரை கீழ்நோக்கி மடக்குங்கள். அப்படியே முஷ்டியை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். முடியாது. விரல்கள் பாதியில் நின்றுவிடும். இப்போது மணிக்கட்டைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு மறுபடி பிடியுங்கள். பிடி தானாக இறுகும்.

காரணம் எளிது. விரலை மடக்கும் தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நரம்புக்கயிறு மாதிரி நீளும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரல் நுனிக்குப் போகின்றன. மணிக்கட்டு எந்தக் கோணத்தில் இருக்கிறதோ, அதற்கேற்ப அந்தக் கயிறு இறுகும் அல்லது தளரும். மணிக்கட்டு சுமார் 35 டிகிரி பின்னோக்கி நிமிர்ந்து இருக்கும்போதுதான் பிடி வலிமை உச்சத்தில் இருக்கிறது என்று ஆய்வுகளில் அளந்திருக்கிறார்கள். முறிந்த எலும்பை நேராக வைப்பதற்காக, சில கட்டுகளில் மணிக்கட்டைக் கொஞ்சம் கீழே மடக்கிய நிலையில் வைப்பார்கள். எலும்புக்கு அது நல்லது. பிடிக்குத்தான் நஷ்டம்.

இன்னொன்று உள்ளங்கை. ஒரு கம்பியைப் பிடிக்கும்போது சுண்டுவிரல் பக்கம் உள்ளங்கை குழிவதைக் கவனியுங்கள். கட்டு உள்ளங்கையைத் தட்டையாக்கிவிடுகிறது. மெல்லிய பொருள் நழுவும், அரிவாள், சுத்தியல் பிடி நிற்காது. தொடு உணர்வும் பாதி போய்விடும்.

அன்றாட வேலைகளுக்கு மணிக்கட்டு எவ்வளவு அசைய வேண்டும் என்றும் கணக்கெடுத்திருக்கிறார்கள். 1985-ல் வெளியான ஒரு ஆய்வில், முன்னோக்கி 5 டிகிரி, பின்னோக்கி 30 டிகிரி இருந்தாலே பெரும்பாலான வேலைகளைச் சமாளித்துவிடலாம் என்றார்கள். 1991-ல் வந்த இன்னொரு ஆய்வு, இரண்டு பக்கமும் 40 டிகிரி வேண்டும் என்றது. கட்டுக்குள் கிடைப்பதோ கிட்டத்தட்ட பூஜ்ஜியம்.

அந்தப் பூஜ்ஜியத்தை ஈடுகட்டுவது முழங்கையும் தோளும்தான். மணிக்கட்டைத் திருப்ப முடியாதவர், தம்மை அறியாமலே முழங்கையை வெளியே தூக்குவார், தோளை உயர்த்துவார், உடம்பையே சாய்ப்பார். மூன்றாவது வாரத்தில் ‘கைதான் உடைஞ்சுது, தோள் ஏன் வலிக்குது?’ என்று கேட்பது இதனால்தான்.

வீட்டில் எது கஷ்டம்?

கையின் திறனை அளக்க 1969-லிருந்து பயன்பாட்டில் இருப்பது ஜெப்சன்-டெய்லர் சோதனை. எழுதுவது, அட்டையைத் திருப்புவது, நாணயம் போன்ற சின்னப் பொருள்களை எடுப்பது, கரண்டியால் உணவு எடுப்பது, வட்டுகளை அடுக்குவது, எடை குறைந்த டின், எடை கூடிய டின் இரண்டையும் நகர்த்துவது என ஏழு வேலைகள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி என்று பார்ப்பார்கள். நல்ல சோதனைதான். ஆனால் ரசம் சாதத்தைப் பிசைந்து சாப்பிடுவது அதில் இல்லையே!

நம் ஊர்ச் சாப்பாட்டில்தான் மணிக்கட்டுக்கு அதிக வேலை. பிசைய வேண்டும், அள்ள வேண்டும், உள்ளங்கையை மேலே திருப்ப வேண்டும், கடைசியில் வாய்க்கு நேராக மடக்க வேண்டும். கட்டு போட்டால் கை வாய்க்குப் போகாது, வாய்தான் கைக்கு வர வேண்டும். குழம்பு வழிந்து கட்டின் ஓரம் நனைந்தால் உள்ளே பஞ்சு ஊறி நாற்றம் அடிக்கும். கூச்சப்படாமல் ஸ்பூன் எடுங்கள். ஸ்பூன் காம்பில் பழைய துணியைச் சுற்றித் தடிமனாக்கினால் பிடிக்கச் சுலபம். இடது கையால் சாப்பிட மனசு வராதவர்கள், யாரையாவது உருண்டை பிடித்துத் தரச் சொல்லலாம்.

இடது கையில் கட்டு என்றால் ‘நல்லவேளை, வலது கை இல்லை’ என்பார்கள். கழிப்பறைக்குப் போகும்வரை அப்படித்தான் தோன்றும். கையில் தண்ணீர் படக் கூடாது, கழுவவும் வேண்டும். கையால் பிடித்து அடிக்கும் தண்ணீர்ப் பீச்சி ஒன்றைப் பொருத்திக்கொள்வது பெரிய உதவி. இதைப் பற்றி டாக்டரும் பேச மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். ஆனால் கட்டு நனைந்து கெட்டுப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

பெண்களுக்குச் சேலைக் கொசுவம், ஜாக்கெட் ஊக்கு, ஜடை மூன்றும் ஒரு கையால் நடக்காத காரியம். முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி, தளர்வான கைப்பகுதி உள்ள சட்டை இவைதான் ஆறு வாரத்துக்குத் துணை. உடுத்தும்போது கட்டு போட்ட கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது கடைசியில் எடுங்கள்.

குடம் தூக்குவது, துணி பிழிவது, மிக்ஸி மூடியைத் திருகுவது, சிலிண்டர் ரெகுலேட்டரை மாட்டுவது... இதெல்லாம் பிடியும் திருகலும் சேர்ந்த வேலைகள். செய்யக் கூடாது. அதிலும் குக்கரை இறக்குவது வேண்டவே வேண்டாம். கைப்பிடி நழுவினால் எலும்பு முறிவோடு தீக்காயமும் சேரும்.

பைக்? கட்டோடு ஓட்டாதீர்கள். வலது கையில்தான் முன் பிரேக்கும் ஆக்ஸிலரேட்டரும், இடது கையில் கிளட்ச். கியர் இல்லாத ஸ்கூட்டியில் இரண்டு கையிலும் பிரேக். எந்தக் கை கட்டுக்குள் இருந்தாலும் அவசரத்தில் நிறுத்த முடியாது.

குழாய் உருட்டுபவர் கை

இனி தொழிலுக்கு வருவோம். வெடிக்கான காகிதக் குழாய் செய்ய, காகிதத்தைக் கம்பியில் சுற்றி, பசை தடவி, பலகையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தி உருட்ட வேண்டும். மணிக்கட்டு பின்னோக்கி நிமிர்ந்த நிலையில், உள்ளங்கை முன்னே தள்ளும். ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்பதைக் குரோஸ் கணக்கில் பாருங்கள். ஒரு குரோஸ் என்றால் 144. எத்தனை குரோஸ் ஆகிறதோ அத்தனைக்கு உள்ளங்கை நகர வேண்டும். கட்டு மூடியிருப்பது சரியாக அந்த உள்ளங்கையைத்தான். விரல் வெளியே இருந்து பிரயோஜனம் இல்லை.

திரி வைப்பது, லேபிள் ஒட்டுவது, பெட்டி போடுவது, தீப்பெட்டிக்குக் குச்சி அடுக்குவது இவையெல்லாம் விரல் நுனி வேலை. இவற்றைக் கட்டோடும் செய்துவிடலாம் என்று தோன்றும். செய்யவும் முடியும், ஆனால் மெதுவாக. காரணம், விரல் நுனியைச் சரியான இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்துவது மணிக்கட்டு. அது அசையாதபோது ஒவ்வொரு தடவையும் முழங்கையையும் தோளையும் நகர்த்தி நிறுத்த வேண்டும். ஒன்றுக்கு அரை நொடி கூடுதல் என்றாலும், பீஸ் ரேட்டில் அது அப்படியே கூலியில் விழும். சரம் பின்னுவது இன்னும் கஷ்டம், அதற்கு இரண்டு கையும் மாறி மாறி முறுக்க வேண்டும். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை விதிக்கும் வரை, பல பெண்களுக்கு அதுதான் முழுநேர வேலையே.

காலண்டர் பிரஸ்களில் சீசன் வேறு மாதிரி. ஆடி 18-க்கு ஆல்பம் வெளியிட்டதும் ஆர்டர் குவியும், தீபாவளிக்குப் பட்டாசு முடியும் நேரத்தில் இங்கே தினசரி காலண்டர் வேலை சூடு பிடிக்கும். எந்த மாசத்தில் கை உடைந்தாலும் சிவகாசியில் அது யாரோ ஒருவருக்கு சீசன்தான்.

மருந்து அறைக்குக் கட்டோடு போகலாமா?

கூடவே கூடாது. மருந்து கலக்கும், செலுத்தும் அறைகளில் ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது, தரையில் ரப்பர் விரிப்பு வேண்டும், உராய்வு ஏற்படுத்தும் எதுவும் கூடாது என்றெல்லாம் கட்டுப்பாடு வைத்திருப்பதே, ஒரு சின்ன உரசல்கூட வெடிவிபத்தாகும் என்பதால்தான். பிடி சரியாக இல்லாத கை பொருளை நழுவ விடும், கல் மாதிரி இறுகிய கட்டு எதன் மேலாவது இடிக்கும். ஏதாவது நடந்தால் ஓடித் தப்பிக்கும்போது கதவைத் தள்ளவும் ஒரு கை வேண்டும்.

தூசி இன்னொரு பிரச்சினை. அலுமினியத் தூள், கந்தகம், வெடியுப்பு எல்லாம் கட்டின் ஓரம் வழியாக உள்ளே இறங்கும். வேலை முடிந்து மற்ற கையைச் சோப்பு போட்டுக் கழுவலாம், கட்டுக்குள் கழுவ வழியில்லை. வியர்வையோடு சேர்ந்து ஆறு வாரம் தோலில் கிடந்தால் புண்ணாகும். மருந்துப் பொடி ஏறிய பஞ்சோடு வீட்டில் அடுப்பு முன்னால் நிற்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அரிப்பு எடுக்கும், விருதுநகர் வெயிலில் கண்டிப்பாக எடுக்கும். கம்பி மத்தாப்புக் கம்பி, ஸ்கேல், பேனா எதையும் உள்ளே விட்டுச் சொறியாதீர்கள். தோல் கிழிந்தால் உள்ளே சீழ் பிடிப்பது வெளியே தெரியாது. பவுடரும் கொட்ட வேண்டாம். ஃபேன் காற்றைக் கட்டின் திறந்த முனைக்குக் காட்டுங்கள், மேலே லேசாகத் தட்டுங்கள்.

கூலி போச்சு, பணத்துக்கு என்ன வழி?

இஎஸ்ஐ அட்டை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்கள் இதில் வருவார்கள். சிவகாசியிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது.

இங்கே ஒரு விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். வீட்டில் விழுந்து கை உடைந்தால் அது நோய்க்கால உதவி: சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. அதற்கும் முந்தைய பங்களிப்புக் காலத்தில் குறைந்தது 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் அடிபட்டால் அது தற்காலிக ஊன உதவி: 90 சதவீதம், டாக்டர் வேலைக்குப் போகலாம் என்று சொல்லும் வரை கிடைக்கும், முந்தைய சந்தா நாள் கணக்கும் கிடையாது. தினக்கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒன்றில் 350, மற்றதில் 450. ஆறு வாரத்துக்கு 4,000 ரூபாய்க்கு மேல் வித்தியாசம்.

‘வேலையில் விழுந்தேன்னு சொன்னா கம்பெனிக்குப் பிரச்சினை, வீட்டில் விழுந்ததா சொல்லிடு’ என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கை மனசில் வையுங்கள். பிறகு கை முழுசாகச் சரியாகாமல் நிரந்தர ஊனம் என்று ஆனாலும், முதல் நாள் பதிவில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத்தான் தேடுவார்கள். விபத்துப் பதிவேட்டில் எழுத வைத்து, அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும்போதோ நடந்த விபத்தையும் வேலை விபத்தாகவே கருத இஎஸ்ஐ சட்டத்தில் 2010 திருத்தத்துக்குப் பிறகு வழி இருக்கிறது. அது சாலை விபத்து என்றால் தமிழக அரசின் ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையும் இலவசம்.

வீட்டில் உட்கார்ந்து குழாய் உருட்டுபவர்களுக்கு இந்த எந்தப் பாதுகாப்பும் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பதுதான் கசப்பான உண்மை. கை நின்றால் கூலி நின்றது, அவ்வளவுதான்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியது எப்போது?

கட்டு போட்ட முதல் இரண்டு மூன்று நாள் கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும், தூங்கும்போது தலையணை மேல். தொட்டில் கட்டித் தொங்கப் போட்டுக்கொண்டே நாள் முழுக்க இருந்தால் வீக்கமும் வடியாது, தோளும் இறுகிவிடும்.

வலி நேரம் போகப் போகக் கூடுவது, விரல் நீலமாவது அல்லது வெளுப்பது, மரத்துப்போவது, சில்லென்று ஆவது, விரலை மெதுவாக நீட்டிவிட்டாலே உயிர் போகிற வலி, இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் கூடி ரத்த ஓட்டம் நின்றால் சில மணி நேரத்தில் தசை செத்துவிடும், பிறகு விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியே இருந்துவிடும். ராத்திரி ஆனாலும் பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போய்க் கட்டைப் பிரித்துத் தளர்த்தச் சொல்லுங்கள். 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி விருதுநகரிலேயே இருக்கிறது, மதுரை ராஜாஜி மருத்துவமனை வரை போக வேண்டிய கட்டாயம் முன்பு போல் இல்லை.

மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டும் நாட்டுக்கட்டுக்கும் இதே எச்சரிக்கைதான். நம்பிக்கை இருப்பவர்கள் போவதைத் தடுக்க முடியாது. ஆனால் எக்ஸ்ரே எடுக்காமல் போகாதீர்கள், விரல் மரத்துப்போனால் ‘அப்படித்தான் இருக்கும்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

விரலுக்கு ஓய்வு கொடுக்காதீர்கள்

கட்டு மணிக்கட்டுக்குத்தான், விரலுக்கு இல்லை. மணிக்கொரு தடவை பத்துப் பத்து முறை: விரல்களை முழுசாக மடக்கி நீட்டுவது, அகலமாக விரிப்பது, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுவது. கூடவே முழங்கையை மடக்கி நீட்டுவது, கையைத் தலைக்கு மேல் தூக்குவது. எடை தூக்கக் கூடாது, அசைக்கலாம். ஒரு டீ டம்ளர், தாள், பல் துலக்கும் பிரஷ், சட்டைப் பட்டன் போன்ற லேசான பொருள்களைப் பிடிப்பதும் பயிற்சிதான்.

தீக்காயத்துக்குப் போடும் கட்டைப் பற்றியும் இந்த ஊரில் சொல்லாமல் விட முடியாது. சிவகாசி அரசு மருத்துவமனையில் தீக்காயத்துக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. கையில் தீக்காயம் பட்டவர்களுக்கு எலும்பு உடையாவிட்டாலும் மணிக்கட்டைப் பின்னோக்கி நிமிர்த்தி, விரல்களின் அடி மூட்டை மடக்கி, நுனி மூட்டுகளை நேராக வைத்துப் பத்தை கட்டுவார்கள். காயம் ஆறும்போது தோல் சுருங்கிக் கையை இழுத்துக்கொள்ளும், அதைத் தடுக்கத்தான் இது. வலி இல்லை, புண் காய்ந்துவிட்டது என்று நீங்களாகக் கழற்றிவிட்டால் விரல் சுருங்கிப்போகும், பிறகு அறுவை சிகிச்சை வரை போகும்.

கட்டு பிரித்த பிறகு

கட்டை வெட்டும் மெஷின் சத்தத்துக்குத்தான் பயப்பட வேண்டும். அதன் பிளேடு சுற்றாது, அதிரும். இறுகிய கட்டை வெட்டும், மெத்தென்ற தோலைப் பொதுவாக வெட்டாது. சூடு தெரிந்தால் உடனே சொல்லுங்கள்.

உள்ளே இருந்து வெளிவரும் கையைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். மெலிந்து, தோல் உரிந்து, மணிக்கட்டு அசையாமல் இருக்கும். பிடி மற்ற கையில் பாதிகூட இல்லாமல் இருப்பது சகஜம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊற வைத்து எண்ணெய் தடவலாம். ஆனால் முறுக்கித் தேய்த்து ‘நெட்டி எடுக்கும்’ வேலை வேண்டாம். பிசியோதெரபிக்குத் தினமும் பஸ் ஏற முடியாதவர்கள், 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

வேலைக்குத் திரும்பும்போது முதலில் லேபிள், பெட்டி மாதிரி லேசான வேலை, அதன் பிறகே குழாய் உருட்டுவது. தண்ணீர்க் குடத்தைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். வலி, வீக்கம், எரிச்சல் எல்லாம் சேர்ந்து கை பளபளவென்று சிவந்து, குறையாமலே இருந்தால் அது சாதாரண விறைப்பு இல்லை, டாக்டரிடம் காட்ட வேண்டும்.

அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று கட்டைவிரல் தசைநாண். பெரிதாக விலகாத முறிவில்கூட, சில வாரங்கள் கழித்து, எலும்பு மேல் உரசி உரசி அது அறுந்துபோவது உண்டு. வலி பெரிதாக இருக்காது. உள்ளங்கையை மேசை மேல் கவிழ்த்து வைத்துக் கட்டைவிரலை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். நேற்று வரை தூக்க முடிந்து இன்று முடியவில்லை என்றால், அன்றைக்கே எலும்பு முறிவு மருத்துவரைப் பாருங்கள்.